திரும்பி வந்த பதினேழு

திண்டுக்கல் கடையிலிருந்து
பதினேழு பாட்டில் திரும்பி வந்தன.
பிளம்ஸ் ஜாம். திறந்தால்
மேலே எட்டணா அகலத்துக்குப் பூஞ்சை.
பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு:
"இதை நீங்களே சாப்பிடுங்க."

பெருமாள்மலையில் மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை.
அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்றேன்.
பழக்கூடைகளைக் கவிழ்த்து ஆறு பேரும் உட்கார்ந்தோம்.
சர்க்கரை நிறுக்கும் பிலோமினா
துடைத்த தராசுத் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.
"நான் கிண்டினது பதமாத்தான் இருந்துச்சு"
யாரும் கேட்கும் முன்பே ஜெயக்கொடி.
வண்டியோட்டும் தவசி
வாசலுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி.

கரும்பலகையில் 'யார்?' என்று இருந்தது.
என் கையெழுத்துதான்.
பரக்கத்நிஷா எழுந்து போய்
முக்காட்டு நுனியால் அதைத் துடைத்தாள்.
"என்னைக்குன்னு எழுதுங்கக்கா."

பாட்டில்களைத் தலைகீழாக்கி
ஒருத்தி தேதி வாசிக்க, ஒருத்தி காலண்டரில் தேட,
செவ்வாய். செவ்வாய். மறுபடியும் செவ்வாய்.
பதினாறு செவ்வாய்,
ஒரே ஒரு வெள்ளி.

எனக்கு விடை தெரியும் என்று நினைத்தேன்:
வில்பட்டிப் பழம், திங்கள் லோடு, அழுகல் கலந்தது.
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
சாக்பீஸைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
பேசாமல் இருப்பதற்கு
இவ்வளவு சுண்ணாம்பு தின்ன வேண்டும் என்று
எவரும் எனக்குச் சொன்னதில்லை.

பழம் என்றார்கள். அதே பழம்தான் புதனுக்கும்.
சர்க்கரை என்றார்கள். அதே மூட்டை.
பூஞ்சையை வழித்தால்
கீழே ஜாம் சாய்த்தாலும் அசையாமல் நின்றது.
ஜெயக்கொடி மூச்சு விட்டாள்.

பிறகு பேச்சு தீர்ந்துபோனது.
தகரத்தில் சொட்டும் நீரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பாட்டில் கழுவும் சுடர்மணி,
இரண்டு வருடத்தில் 'வரேன்க்கா' தவிர எதுவும் பேசாதவள்,
தரையைப் பார்த்துச் சொன்னாள்:
"செவ்வாய்க்கு மட்டும்
மூடியத் திங்கக்கிழமை சாயங்காலமே அவிச்சு வச்சுர்றேன்."
ஏன்?
"காலைல பெட்டி ஏத்த என்னையத்தான விடுறீங்க.
ஏழு மணிக்கு வண்டி கெளம்பணும்ல."

ஏழு மணி என்று வைத்தது யார்?
துடைத்த சொல் பலகையில் மங்கலாகத் தெரிந்தது.
ஐந்து பேரும் நாகரிகமாக வேறெங்கோ பார்த்தார்கள்.

அன்றும் செவ்வாய்தான்.
பின்னறையில் வெள்ளைத் துணிமேல் மூடிகள்,
ஜன்னலுக்கு நேர் கீழே.
ஏப்ரலில் உடைந்த கண்ணாடி.
'பார்ப்போம்' என்று சொல்லி
அட்டையைச் செருகியது நான்.
அட்டை ஊறித் தொங்கியது; இடுக்கு வழியே
மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.
ஒரு மூடியின் உட்புறம் விரலை ஓட்டினேன்.
ஈரம்.

"சாரி" என்றேன். அது போதவில்லை,
ஆனால் யாரும் மேலே கேட்கவில்லை.

தவசி முழுசாக உள்ளே வந்தார்.
"பெட்டிய நானே ஏத்திக்கிறேன். வண்டி ஒம்பதுக்கு."
"மூடி வெந்நீர்லருந்து நேரா பாட்டிலுக்கு" இது ஜெயக்கொடி.
"நம்பாதீங்க, வச்சுப் பாருங்க" என்று பரக்கத்நிஷா
சூடான மூடிக்குச் சிவப்பு நூல்,
திங்கட்கிழமை மூடிக்கு நீல நூல்,
பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டச் சொன்னாள்.
சுடர்மணி கட்டினாள், பல்லால் நூலை அறுத்து.

நாற்பது நாள்.
போகும்போதும் வரும்போதும்
அலமாரியை எட்டிப் பார்க்காதவர் இல்லை.
நீலத்தில் நான்கு பூத்தன.
சிவப்பில் ஒன்றுமில்லை.
ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி வந்தது.
சிவப்பில் ஒன்றைத் திறந்து
டீக்கடை பன்னில் தடவி,
சீட்டில் எழுதியிருந்தபடியே
நாங்களே சாப்பிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டில் மட்டும்
இன்னும் மேல்தட்டில் நிற்கிறது. ஏனென்று தெரியவில்லை.
இன்று காலை பார்த்தேன்,
அதற்கு எதிரே பிலோமினா
ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள்.